சங்கிலியை அடகு வைக்க முதல் கிளினிக் கொப்பியை எடுங்க தம்பி

கொட்டாஞ்சேனையில போர்டிங்ல இருக்கிற ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயசு 27, ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதுறார், சம்பளம் கையில 68,000. பிறக்கேக்க பொம்பிளைப் பிள்ளை எண்டு பதிஞ்சிருக்கு, தான் ஆம்பிளை எண்டு அவருக்குப் பத்து வயசிலேயே தெரியுமாம். பேர் போடவேண்டாம் எண்டு கேட்டிருக்கிறார், அடையாளம் பிடிபடக்கூடாது எண்டு மற்ற விசயங்களையும் அங்க இங்க மாத்தித்தான் போட்டிருக்கிறன். கடிதம் நீளம், முக்கியமான இடத்தை மட்டும் தாறன்:

"மிஸ், எனக்கு நெஞ்சு ஒபரேசன், அதான் மார்ப எடுக்குற ஒபரேசன், செய்யணும். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில விசாரிச்சேன், 7 லட்சம் வரும்னாங்க. ஒரு பைனான்ஸ் கம்பெனி 5 லட்சம் தர்றேங்குது, 3 வருசம், மாசம் 22 ஆயிரத்துச் சொச்சம். மிச்சத்துக்கு அம்மா தன்னோட சங்கிலியையும் தோட்டையும் லேஞ்சியில முடிஞ்சு குடுத்து விட்டாங்க. அவங்ககிட்ட வயித்துல கட்டின்னு சொல்லி இருக்கேன். கனடாவுல இருக்கிற மாமா மக ஒன்லைன்ல சல்லி சேர்க்கலாம்ங்கிறா. இந்தியாவுல சும்மா செஞ்சி குடுக்குறாங்களாமே, உண்மையா? எங்கள மாதிரி ஆளுங்களுக்கு உதவி செய்ய இங்க யாராச்சும் இருக்காங்களா, இல்ல கடன எடுத்து முடிச்சிரவா? கூட்டாளி ஒருத்தன் ஹோர்மோன் ஊசி வாட்ஸ்அப்புல மலிவா எடுத்துத் தர்றேங்கிறான். டெய்லி கிரேப் பேண்டேஜ சுத்திக்கிட்டு வேலைக்குப் போறேன், மத்தியானம் ஆனா மூச்சு முட்டுது."

தம்பி, காசுக் கதைக்கு முதல் அந்த பேண்டேஜ். கடைசியில போற போக்கில எழுதியிருக்கிறீங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ணில பட்டுது. கிரேப் பேண்டேஜ் காலில சுளுக்கு வந்தா சுத்துற சாமான், நெஞ்சில சுத்தினா நீங்க அசைய அசைய இன்னும் இறுகும், விலா எலும்பில நோ பிடிக்கும், கொழும்பு வெக்கைக்கு உள்ளுக்குத் தோல் அவிஞ்சு புண்ணாகும், அந்தப் புண் ஆறுமட்டும் எந்த சேர்ஜனும் கத்தி வைக்க யோசிப்பார். நெஞ்சைத் தட்டையாக் காட்ட எண்டே தைச்ச பைண்டர் இருக்கு, அது கிடைக்கிற வரைக்கும் உங்கட அளவுக்குச் சரியான ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்டும் மேல கொஞ்சம் தடிப்பான லூசான சேர்ட்டும் போதும். பைண்டர் எண்டாலும் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், போட்டபடி படுக்கவும் வேண்டாம். கழட்டின பிறகும் மூச்சு முட்டுது, நெஞ்சு நோகுது எண்டா அண்டைக்கே ஓபிடிக்குப் போங்க, வெக்கப்பட்டுக்கொண்டு இருக்காதீங்க. இதுக்கு ரெண்டு மூண்டாயிரம் செலவாகும், நீங்க 7 லட்சம் தேடுற இந்த நேரத்தில நான் முதல்ல செலவழிக்கச் சொல்லுற காசு அதுதான்.

இப்ப கடன். அந்த பைனான்ஸ் கம்பெனி உங்களுக்கு வட்டி எவ்வளவு எண்டு சொல்லிச்சுது? நீங்க எழுதினபடி கணக்குப் பாத்தன், 5 லட்சத்துக்கு 3 வருசம், வருசம் 20 சதவீதம் 'ஃபிளாட்', அதாவது வட்டி மட்டும் 3 லட்சம், மொத்தம் 8 லட்சம், 36ஆல பிரிச்சா 22,222 ரூபா. இதில விசயம் என்னெண்டா ஃபிளாட் வட்டி எண்டுறது நீங்க முதலைக் கட்டிக் குறைச்சுக்கொண்டு வந்தாலும் கடைசி மாசம் வரைக்கும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி எடுக்கிறது, அதைக் குறைஞ்சு வாற மீதிக்கு வட்டி எண்ட பேங்க் கணக்குக்கு மாத்திப் பாத்தா வருசத்துக்கு 33 சதவீதத்தைத் தாண்டும். நீங்க கணக்கு எழுதுற ஆள், ஒரு தாளில போட்டுப் பாருங்க, நான் சொல்லுறது சரியா எண்டு. 68,000 சம்பளத்தில போர்டிங் காசு, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது போக 22,000 எங்கயிருந்து வரும்? ஒபரேசன் முடிஞ்ச மாசமும் அந்தக் காசைக் கட்டத்தான் வேணும், அந்த மாசம்தான் நீங்க வேலைக்குப் போகேலாம படுத்திருப்பீங்க. தோட்டப் பக்கத்தில நுண்கடன் எடுத்த அம்மாமார் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல, பின்னேரம் லயத்து வாசலில கடன் வசூலிக்க மோட்டசைக்கிள் வந்து நிக்கிறதைப் பாத்து வளந்த பிள்ளை நீங்க.

எனக்கு விளங்குது ஏன் கடன் எடுக்க நினைக்கிறீங்க எண்டு. 17 வருசமாப் பொறுத்திட்டீங்க, இனி ஒரு கிழமையும் பொறுக்கேலாது எண்ட நிலை. அந்த அவசரத்தை நான் குறைவா மதிக்கேல்ல. ஆனா நீங்க பிழையான பக்கத்தில இருந்து தொடங்குறீங்க. நீங்க முதல்ல போனது விலை கேக்க, அதுவும் பிரைவேட்டுக்கு. இந்த நாட்டில இதுக்கு ஒரு பாதை இருக்கு, அதில அரைவாசிக்கு மேல காசு இல்லாமலே நடக்கலாம், அதின்ர வாசல் சேர்ஜன் இல்ல, அரச ஆஸ்பத்திரியின்ர மனநலக் கிளினிக்.

மனநலக் கிளினிக் எண்டதும் முகம் சுளிக்காதீங்க. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தின்ர பேரை வைச்சு 'அங்கொட' எண்டு சொல்லிச் சிரிக்கிற ஊர் இது, தெரியும். உங்களுக்கு மனநோய் எண்டு சொல்லி அங்க அனுப்பேல்ல, உலக சுகாதார அமைப்பு 2019இல ஏற்றுக்கொண்ட ஐசிடி 11 பட்டியலில இந்த விசயத்தை மனநோய் அத்தியாயத்தில இருந்தே எடுத்து பாலியல் ஆரோக்கியம் எண்ட அத்தியாயத்துக்கு மாத்திட்டினம். ஆனா இலங்கையில திறப்பு இருக்கிறது மனநல வைத்திய நிபுணரிட்ட. 2016இல சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டுது, அதின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழை, எல்லாரும் ஜிஆர்சி எண்டு சொல்லுறது, அவர்தான் எழுதித் தரோணும். அவரேதான் ஹோர்மோனுக்கு எண்டோகிரைன் கிளினிக்குக்கும், சத்திரசிகிச்சைக்கு சேர்ஜனிட்டயும் ரெஃபர் பண்ணுறது. அரச கிளினிக்கில இதுக்கெல்லாம் கட்டணம் இல்ல. பெரியாஸ்பத்திரி (கொழும்பு தேசிய வைத்தியசாலை), களுபோவில, ராகம, அங்கொடையில இருக்கிற தேசிய மனநல நிறுவகம் எண்டு கொழும்பைச் சுத்தி மனநலக் கிளினிக் இருக்கு, ஊர்ப்பக்கம் லேசு எண்டா பேராதனை. எல்லா நிபுணரும் இந்த விசயத்தில ஒரே அளவுக்குப் பழகினவை இல்ல, அதால எந்தக் கிளினிக்கில எந்த நாள் போனா நல்லம் எண்டு முதலே போய் வந்தவையிட்ட கேளுங்க, கீழ சொல்லுறன் ஆரிட்ட கேக்கிறது எண்டு.

இன்னொரு வழி இருக்கு, கொழும்பில சனம் சத்தமில்லாமச் செய்யுறது. அரச ஆஸ்பத்திரியில வேலை செய்யுற நிபுணர் பின்னேரத்தில பிரைவேட்ல இருப்பார். அவரை ஒரே ஒருக்கா சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, அறைக்குள்ள போய் நிதானமா எல்லாத்தையும் சொல்லி, "டொக்டர், எனக்குத் தொடர்ந்து சனல் பண்ண வசதியில்ல, உங்கட அரச கிளினிக்குக்கு வரலாமா" எண்டு நேரா கேளுங்க. ஒரு துண்டில எழுதித் தருவார். அந்த ஒரு சனல் காசு வீண்செலவில்ல, ஓபிடி வரிசையில நிண்டு முன்னப்பின்ன தெரியாத நாலு பேருக்கு உங்கட கதையைச் சொல்லுறதை அது மிச்சப்படுத்தும்.

ஜிஆர்சிக்கு ஒபரேசன் முடிச்சிருக்கோணும் எண்டு கனபேர் நினைச்சுக்கொண்டு இருக்கினம், நீங்களும் அப்பிடித்தான் எழுதியிருக்கிறீங்க, "முதல்ல ஒபரேசன், பிறகு ஐசி" எண்டு, ஐசி எண்டது அடையாள அட்டை. அந்தப் படிவத்தில வைத்தியர் உறுதிப்படுத்துறது, இவர் என்ர பராமரிப்பில இருந்தார், ஹோர்மோன் சிகிச்சைக்கும் தேவையான சத்திரசிகிச்சைக்கும் ரெஃபர் பண்ணப்பட்டார், சமூகத்தில அந்தப் பாலா வாழ மாறியிருக்கிறார் எண்டதைத்தான். ஆக 7 லட்சம் இல்லாமலும் உங்கட பேரும் பாலும் கடதாசியில மாறலாம். ஜிஆர்சி கையில வந்தா பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கலாம், அது வந்தா ஆட்பதிவுத் திணைக்களத்தில புது ஐசி, பிறகு பாஸ்போர்ட்.

இந்த இடத்தில கணக்கு எழுதுற ஆளுக்கு ஒரு விசயம் சொல்லோணும். உங்கட ஐசியை எடுத்துப் பாருங்க. பிறந்த வருசத்துக்குப் பக்கத்தில வாற 3 இலக்கம், வருசத்தில நீங்க எத்தினையாம் நாள் பிறந்தனீங்க எண்டது. பொம்பிளை எண்டு பதிஞ்சா அதோட 500 கூட்டியிருக்கும். பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆம்பிளைக்கு 032, பொம்பிளைக்கு 532. பால் அந்த நம்பருக்குள்ளேயே இருக்கு, அதால பால் மாறினா நம்பரும் மாறவேண்டி வரும், அந்த நம்பரிலதான் உங்கட பேங்க் கணக்கு, சம்பளத்தோட சேருற ஈபிஎஃப், ஈடிஎஃப் எண்ட ஊழியர் நிதிகள், ஃபோன் சிம், இப்ப எடுக்கப் போறன் எண்டு நிக்கிற கடன் எல்லாம் தொங்கிக்கொண்டு இருக்கு. ஐசி மாத்த முதல் ஈபிஎஃப் கூற்று, பேங்க் புத்தகம், சம்பளத் துண்டு, பழைய ஐசி எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு ஃபோட்டோக் கொப்பி அடிச்சு ஃபைல் ஒண்டில போடுங்க, புது ஐசி வந்த உடன ரெண்டு நம்பரும் ஒரே ஆள்தான் எண்டு ஜேபி (சமாதான நீதவான்) ஒருவரிட்ட சத்தியக் கடதாசி முடிச்சு வையுங்க. பழைய நம்பரில ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கேக்க இதைச் செய்யுறது பெரிய இழுபறி, நான் இப்ப கடன் வேண்டாம் எண்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம். கடதாசி வேலையில எங்கயாவது இழுத்தடிச்சா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்சவைக்கு அங்க காசு எடுக்கமாட்டினம், அவமரியாதையா நடத்தினா மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர 1996க்கு அடியுங்க.

கிளினிக்கில என்ன நடக்கும் எண்டும் சொல்லிவிடுறன், ஏனெண்டா கனபேர் முதல் நாளோட திரும்பிப் போயிடுறது காசாலயில்ல. நான் 19 வருசம் அரச ஆஸ்பத்திரியில சமூக சேவையாளரா வேலை செய்தனான். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை கிளினிக், வாங்கு நிரம்பி வராந்தாவரைக்கும் சனம். கவுண்டரில நிண்ட நேர்ஸ் மிஸ், நோயாளியின்ர விவரம் எழுதுற கிளினிக் கொப்பியைப் பாத்துப் பேரைக் கூப்பிட்டா, ஒரு பொம்பிளைப் பேர். ஒருத்தரும் எழும்பேல்ல. ரெண்டாம் முறை இன்னும் சத்தமா. மூலையில நீலச் சேர்ட்டோட, மீசை அரும்பின ஒரு பிள்ளை, அந்தப் பேர் தன்ர இல்ல எண்ட மாதிரி நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தது, கையில இருந்த நம்பர் துண்டு வியர்வையில நனைஞ்சு கிழிஞ்சே போச்சு. மூண்டாம் முறை கூப்பிட்டிட்டு கொப்பியை அடியில போட்டுட்டா. விடியக்காலமை நாலு மணிக்கு வீட்டால வெளிக்கிட்டு வந்த பிள்ளை, தன்ர முறையை அப்பிடியே விட்டிட்டு எழும்பிப் போகப் பாத்தது. நான் போய் மிஸ்ஸிட்ட மெதுவா, "இவையைப் பேர் சொல்லாம நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவமா" எண்டு கேட்டன், அவ ஒரு நிமிசம் என்னைப் பாத்திட்டு, "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லயே" எண்டா. அண்டையில இருந்து அந்தக் கிளினிக்கில எல்லாரையும் நம்பராலதான் கூப்பிட்டினம். நீங்க போகேக்க ஒரு சின்னத் துண்டில, சிங்களத்திலயும் தமிழிலயும், "தயவுசெய்து என்னை நம்பரால கூப்பிடுங்க" எண்டு எழுதி கொப்பிக்கு மேல குத்திக் குடுங்க. வாயால சொல்லுறதை விட அது லேசு.

ஹோர்மோன் விசயத்துக்கு வாறன். வாட்ஸ்அப்பில எடுத்துத் தாறன் எண்டு சொல்லுற ஊசியை வாங்காதீங்க தம்பி, இதில நான் ஒரு சொட்டும் விட்டுக்குடுக்க மாட்டன். ஜிம் ஆக்கள் பாவிக்கிற சாமான், போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது. நல்ல மருந்தாவே இருந்தாலும் அந்த ஆம்பிளை ஹோர்மோன், டெஸ்டோஸ்டிரோன், இரத்தத்தில சிவப்பணுக்களைக் கூட்டும், கூடிப் போனா இரத்தம் தடிச்சுக் கட்டி பிடிக்கப் பாக்கும், அதாலதான் முதல் வருசம் 3 மாசத்துக்கு ஒருக்கா இரத்தம் சோதிச்சு ஹீமோகுளோபின், ஹீமடோகிரிட் பாக்கிறது, பிறகு வருசத்துக்கு ஒண்டு ரெண்டு தரம். அந்தச் சோதனை அரச ஆஸ்பத்திரியில சும்மா செய்வினம், வாட்ஸ்அப்காரன் செய்வானா? ஒரே சிரிஞ்சை ரெண்டு பேர் பாவிக்கிற கதையெல்லாம் நான் கேட்டிருக்கிறன். கிளினிக்கில சில நேரம் ஊசி கையிருப்பில்ல, வெளியால வாங்குங்க எண்டு துண்டு தருவினம், அப்ப அரச மருந்துக்கடை ஒசுசலவில முதல் விசாரிச்சிட்டுத்தான் பிரைவேட் பார்மசிக்குப் போங்க. இதுதான் மாசாமாசம் நீங்க உண்மையா ஒதுக்கவேண்டிய காசு. நெஞ்சு ஒபரேசனுக்கு முதல் கட்டாயம் ஹோர்மோன் எடுத்திருக்கோணும் எண்டும் இல்ல, திருநர் மருத்துவத்துக்கான டபிள்யூபாத் எண்ட உலக அமைப்பு 2022இல வெளியிட்ட 8ஆம் பதிப்பு வழிகாட்டலில அப்பிடி நிபந்தனை போடேல்ல, அதையும் வைத்தியரோட கதையுங்க. இதை வாசிக்கிற தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை மூண்டு நாலாப் போட்டு பொம்பிளை உடம்பு எடுக்கப் பாக்காதீங்க, அதில இருக்கிற ஈஸ்ட்ரஜன் இரத்தக்கட்டி வரவைக்கிற வகை, கால் வீங்கி நெஞ்சடைச்சு வந்த பிள்ளையை வார்ட்டில பாத்தனான்.

சரி, ஆர் உதவி செய்வினம் எண்டு கேட்டீங்க. ஒளிக்காமச் சொல்லுறன், "இந்தா ஒபரேசனுக்கு 7 லட்சம்" எண்டு தூக்கித் தாற நிதி இலங்கையில நீங்க நம்பி இருக்கக்கூடிய மாதிரி இல்ல. ஜனாதிபதி நிதியம் மருத்துவ உதவி குடுக்குது, 2025 பெப்ரவரியில இருந்து பிரதேச செயலகத்திலயே விண்ணப்பிக்கலாம், ஆனா அது இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் எண்டு பட்டியல் போட்டுக் குடுக்கிற காசு, அதை நம்பி ஒபரேசனுக்குத் திகதி எடுக்காதீங்க. ஈபிஎஃப்ல 30 சதவீதம் முன்கூட்டி எடுக்கிற வழி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் இருக்கு, ஆனா 10 வருசத்துக்கு மேல வேலை செய்திருக்கோணும், கணக்கில 3 லட்சமாவது இருக்கோணும், உங்களுக்கு இப்பதான் 5 வருசம். கடையில மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தா 'இதுக்கெல்லாம் தரமாட்டம்' எண்டு எழுதியிருக்கிற பக்கத்தை முதல் வாசியுங்க, இரத்தப் பரிசோதனைக் காசை ஓபிடி கிளெய்ம்ல எடுக்கலாமா எண்டு பாருங்க, ஆனா அந்த பில் ஆற்ற மேசையால போகும் எண்டதையும் யோசிச்சுக்கொள்ளுங்க, முதலாளியின்ர மகன்தான் கிளெய்ம் பாக்கிறார் எண்டா அந்த ரெண்டாயிரம் வேண்டாம்.

காசு இல்லாட்டிலும் காசைவிடப் பெரிய உதவி செய்யுற ஆக்கள் இருக்கினம். ஈக்குவல் கிரவுண்ட் 2004இல இருந்து கொழும்பில இருக்கு, தமிழிலயும் கதைக்கலாம். வெனச எண்டது திருநர் தாங்களே நடத்துற வலையமைப்பு, எந்த வைத்தியர் நல்லாக் கதைப்பார், எந்தக் கவுண்டர் கரைச்சல் எண்டு அவைக்குத்தான் அத்துப்படி, சில நேரம் கூடவும் வருவினம், முதல் நாள் கூட ஒரு ஆள் வாறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு போனாத்தான் விளங்கும். புல்லர்ஸ் லேனில இருக்கிற குடும்பத் திட்டச் சங்கத்தின்ர கிளினிக்கும் விசாரிச்சுப் பாக்கவேண்டிய இடம். இரவில மனம் ஒடிஞ்சு போய், இனி ஏன் எண்ட யோசனை வந்தா 1926, தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம், நடுச்சாமத்திலயும் எடுப்பினம். கடிதத்தில நீங்க அப்பிடி ஒண்டும் எழுதேல்ல, ஆனாலும் அந்த நம்பரை ஃபோனில போட்டு வையுங்க.

இந்தியாக் கதை உண்மை, ஆனா அது உங்களுக்கில்ல. தமிழ்நாட்டில 2008இல திருநங்கையருக்கு நலவாரியம் தொடங்கினவை, இந்தியாவிலேயே முதல், அரச ஆஸ்பத்திரியில சத்திரசிகிச்சையும் சும்மா செய்து குடுக்கினம். மத்திய அரசு 2022இல ஆயுஷ்மான் பாரத் காப்புறுதியில ஆளுக்கு வருசம் 5 லட்சம் இந்திய ரூபா வரைக்கும் எண்டு அறிவிச்சுது. எல்லாம் அந்த நாட்டு அடையாளம் வைச்சிருக்கிறவைக்கு. நீங்க போனா வெளிநாட்டு நோயாளி, மெடிக்கல் விசா, கூட வாற ஆளின்ர டிக்கட், லொட்ஜ், பிரைவேட் பில், வந்த பிறகு தையலில நீர் கோத்தா திரும்பிப் போக இன்னொரு டிக்கட். இன்டர்நெட்டில காணுற அமெரிக்க அமைப்புகளும் இப்பிடித்தான், பாயின்ட் ஒஃப் பிரைட் மாதிரி ஒபரேசனுக்கு நிதி குடுக்கிறவை இருக்கினம், அந்தக் காசு அங்க இருக்கிறவைக்கு. ஃபோர்ம் நிரப்பி நிரப்பி மனசு விடாதீங்க.

கனடா மச்சாளின்ர யோசனை மோசமில்ல. ஒன்லைனில காசு சேக்கிற கோஃபண்ட்மீயை இலங்கையில இருந்து தொடங்கேலாது, அவ தன்ர பேரில கனடா பேங்க் கணக்கோடதான் தொடங்கோணும், அதால காசு முதல் அவவிட்டத்தான் போகும், எவ்வளவு சேந்தா எப்ப அனுப்புவா எண்டு ரெண்டு பேரும் எழுதி வைச்சுக்கொள்ளுங்க, சொந்தத்துக்குள்ள இது வேணுமா எண்டு நினைக்காதீங்க, சொந்தத்துக்குள்ளதான் வேணும். ஆனா என்ர பயம் காசில்ல. உங்கட படத்தோடயும் பேரோடயும் ஒரு லிங்க் போச்சுதெண்டா அது டொரொண்டோவில இருந்து ஹட்டனுக்கு வர அரை மணித்தியாலம் போதும், ஃபெமிலி குரூப்பில ஒரு சித்தப்பா ஃபோர்வேர்ட் பண்ணுவார், அம்மா லயத்தில ஆரோ ஒராளின்ர ஃபோனில பாப்பா. அதால வெளியில போடுறதுக்குப் பதிலா மச்சாள் தனக்கு நம்பிக்கையான பத்துப் பதினைஞ்சு பேரிட்டத் தனித்தனியாக் கேக்கட்டும், படமும் வேண்டாம் பேரும் வேண்டாம்.

அம்மா எண்டதும் அந்த லேஞ்சிக்கு வரோணும். அந்தச் சங்கிலி இப்ப எங்க இருக்கு, போர்டிங்ல அலுமாரிக்குள்ளயா? உங்கட விசயத்தை அம்மாவிட்ட எப்ப சொல்லுறது, சொல்லுறதா இல்லயா எண்டது உங்கட முடிவு, அதில நான் தலையிட மாட்டன், ஒருத்தரும் தலையிடக்கூடாது. ஆனா வயித்தில கட்டி எண்டு சொல்லி எடுத்த நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போகாதீங்க. அடகு மீட்க முடியாமப் போனா ஏலத்தில போகும், அண்டைக்கு அம்மாவுக்கு நகை போன கவலையும் பொய் சொன்ன கவலையும் உங்கட விசயமும் மூண்டும் ஒரே நாளில தெரியவரும், அதில அவ எதைத் தாங்குவா? கட்டி எண்டு கேட்டதில இருந்து அவ கோயில் கோயிலா நேந்துகொண்டு இருப்பா, அதையும் யோசியுங்க. அடுத்த முறை ஊருக்குப் போகேக்க லேஞ்சியைப் பிரிக்காமலே குடுத்திடுங்க, "டொக்டர் இப்ப ஒபரேசன் வேண்டாம், கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்" எண்டு சொல்லுங்க, கிளினிக் தொடங்கினா அது பொய்யுமில்ல.

இனி, கடனுக்குக் கட்டலாம் எண்டு நினைச்ச அந்த 22,222இல அரைவாசியை, ஒரு 11,000 எண்டு வையுங்க, சம்பளம் வாற அண்டைக்கே வேற சேவிங்ஸ் கணக்கில போடுங்க, ஏடிஎம் கார்ட் இல்லாத கணக்கா இருந்தா இன்னும் நல்லம். 18 மாசத்தில வட்டி சேர்க்காமலே 1,98,000. கடையில சீட்டுப் பிடிக்கினம் எண்டா கடைசி நம்பரைக் கேளுங்க, முதல் நம்பரை எடுத்தா அதுவும் கடன்தான். ஏன் இந்தக் காசு எண்டா, அரச ஆஸ்பத்திரியில ஒபரேசன் கிடைச்சாலும் செலவு இருக்கு: நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற வெஸ்ட், ட்ரெசிங் சாமான், த்ரீவீல், வெளியால எடுக்கச் சொல்லுற மருந்து, பக்கத்தில இருக்க வாற ஆளுக்குச் சாப்பாடு. 4 தொடக்கம் 6 கிழமைக்குப் பாரம் தூக்கேலாது, மேசை வேலைக்கு ரெண்டு மூண்டு கிழமையில திரும்பலாம். கடை, ஒஃபிஸ் ஊழியர் சட்டம் எண்டு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, அதில உங்களுக்கு வருசத்துக்கு 14 நாள் ஆண்டு லீவும் 7 நாள் கெசுவல் லீவும் உரிமை, லீவு குடுக்கிறது முதலாளியின்ர தயவு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதீங்க, வருச ஆரம்பத்தில இருந்து சேமிச்சு வையுங்க.

வெய்டிங் லிஸ்ட் நீளம், அதை மறைக்க மாட்டன். சத்திரசிகிச்சைக்குக் கிளினிக்கில இருந்து ரெஃபர் ஆகிப் போனாலும் காத்திருக்கத்தான் வேணும், புற்றுநோய்க்காரர், எரிகாயக்காரர் முன்னால போவினம், திகதி தள்ளிப் போகும். ஒரு கட்டத்தில, கைக்காசும் மச்சாளின்ர உதவியும் சேந்து, இனிக் காத்திருக்கேலாது பிரைவேட்ல செய்வம் எண்டு நீங்க முடிவெடுத்தா நான் பிழை சொல்லமாட்டன். அப்ப அந்த 7 லட்சத்தைப் பிரிச்சு எழுத்தில கேளுங்க, சேர்ஜன் காசு எவ்வளவு, மயக்க மருந்து டொக்டருக்கு எவ்வளவு, தியேட்டர், ரூம் எத்தினை நாள், வெட்டி எடுத்ததைப் பெத்தோலஜிக்கு அனுப்புற காசு உள்ளுக்கா வெளியிலயா, நீர் கோத்தாலோ தையல் பிரிஞ்சாலோ திரும்பச் செய்யுறதுக்கு ஆர் கட்டுறது. ரெண்டு இடத்திலயாவது கேளுங்க. சிகரெட் பத்துறது எண்டா ஒரு மாசத்துக்கு முதலே விட்டிடோணும், காயம் ஆறாது.

போக முதல் ஒண்டு. ஒரே பால் உறவுக்கு எதிராப் பாவிக்கிற தண்டனைச் சட்டப் பிரிவுகளை, 365, 365ஏ எண்டு கதைக்கிறதைக் கேட்டுப் பயந்து கிளினிக்குக்குப் போகாம இருக்கிறவை இருக்கினம். திருநம்பியா இருக்கிறதும் அதுக்கு வைத்தியம் எடுக்கிறதும் குற்றமில்ல, சுகாதார அமைச்சே சுற்றறிக்கை போட்டு நடத்துற விசயம் இது.

வாற கிழமை ஒரு நாள் அரை லீவு போட்டு, ஐசி, பிறப்புச் சான்றிதழ் கொப்பி, கிளினிக் கொப்பியா ஒரு 80 பக்கக் கொப்பி மூண்டையும் எடுத்துக்கொண்டு போங்க. சிங்களம் கதைக்க வருமெண்டு எழுதியிருக்கிறீங்க, ஆனா உங்கட கதையைச் சிங்களத்தில சொல்லேக்க வார்த்தை தடுமாறும், எனக்குத் தமிழில ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்க, நான் சிங்களத்தில டொக்டருக்குக் கடிதமாத் திருப்பி எழுதித் தாறன், அதை நீங்க மேசையில வைச்சாப் போதும். அடுத்த திகதி எப்ப போட்டுத் தந்தவை எண்டதையும் எழுதுங்க.